மறைத்துக் காட்டிய கலை

அச்சப் படங்களின் சரித்திரம்: அத்தியாயம் 9

சென்ற அத்தியாயத்தில் யூனிவர்ஸல் ஸ்டூடியோவின் பூதங்களோடு பத்தாண்டுக் காலம் உலவிவிட்டு வந்தோம். 1931-ஆம் ஆண்டில் 'டிராகுலா'வும் 'பிராங்கன்ஸ்டை'னும் தொடங்கி வைத்த அந்தப் பரம்பரை 1941-இல் 'தி வுல்ஃப் மேன்' என்னும் ஓநாய் மனிதன் வரையில் வளர்ந்ததையும், ஜாக் பியர்ஸ் என்னும் ஒப்பனைக் கலைஞர் பஞ்சையும் பசையையும் மிருக ரோமத்தையும் கொண்டு நடிகர்களின் முகங்களில் மணிக்கணக்காகப் பாடுபட்டு உருவாக்கிய விகார ரூபங்களே அந்தப் படங்களின் மூலதனமாக விளங்கியதையும் அங்கே விரிவாகக் கண்டோம். அவற்றில் அச்சத்துக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகம் விளம்பரத் தாளிலும் அச்சாகிக் கொட்டகை வாசலிலேயே ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் எத்தனை கோரமான முகமாயினும் பத்து முறை பார்த்தபின் அதற்கு நாம் பழகிவிடுகிறோம். 1943-இல் ஓநாய் மனிதனும் பிராங்கன்ஸ்டைனின் பூதமும் ஒரே படத்தில் கைகலந்ததும், 1948-இல் அபட், காஸ்டெல்லோ என்ற இரு ஹாஸ்ய நடிகர்களின் கூத்துக்கு நடுவே அந்தப் பூதங்கள் வந்து நின்றதும் அந்தப் பழக்கத்தின் இயல்பான முடிவே ஆகும்.

அந்தப் பூதங்கள் இவ்வாறு அச்சத்தை இழந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே ஹாலிவுட் நகரத்தில், ஆர்.கே.ஓ. என்னும் மற்றொரு ஸ்டூடியோவில் ஒரு சிறு குழுவினர் முற்றிலும் எதிரான ஒரு மார்க்கத்தில் நடந்து, 1942 முதல் 1946 வரையில் ஒன்பது அச்சப் படங்களை எடுத்து முடித்தார்கள். காட்டுவதற்குப் பதில் மறைப்பதும், சொல்வதற்குப் பதில் குறிப்பதும், முடிவு கூறுவதற்குப் பதில் ஐயத்தை அப்படியே விட்டுவிடுவதும் அவர்களுடைய மார்க்கமாக இருந்தது. அந்தக் குழுவின் தலைவர் வால் லூட்டன். இந்த அத்தியாயம் அவருடைய கதை.

கதை ஒரு கடனாளி ஸ்டூடியோவில் ஆரம்பமாகிறது. ஆர்சன் வெல்ஸ் என்னும் இளம் மேதைக்கு அளவிறந்த சுதந்திரம் கொடுத்து, அவர் 1941-இல் எடுத்த 'சிட்டிஸன் கேன்' படத்தால் புகழையும் நஷ்டத்தையும் ஒருங்கே அடைந்த ஆர்.கே.ஓ., அடுத்த ஆண்டில் 'தி மாக்னிபிசென்ட் ஆம்பர்ஸன்ஸ்' என்னும் அவருடைய இரண்டாவது படத்தை, அவர் பிரேஸில் நாட்டில் இருந்த சமயம் பார்த்து வெட்டிச் சுருக்கி வெளியிட்டும் பயன் காணவில்லை. வெல்ஸை ஆதரித்த தலைவர் ஜார்ஜ் ஷேபர் வெளியேற, கொட்டகைகளை நிர்வகித்துப் பழகிய சார்லஸ் கோர்னர் என்பவர் ஸ்டூடியோவின் படத் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். யூனிவர்ஸல் குறைந்த செலவில் பூதப் படம் எடுத்து லாபம் காண்பதைப் பார்த்த கோர்னர், தம் ஸ்டூடியோவிலும் அப்படியொரு பிரிவைத் தொடங்க நினைத்து, அதற்குத் தலைவராக லூட்டனை அமர்த்தினார். நிபந்தனைகள் மூன்று: ஒவ்வொரு படமும் 1,50,000 டாலருக்குள் முடிய வேண்டும்; 75 நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது; படத்தின் பெயரை ஸ்டூடியோதான் சூட்டும். முதலில் விளம்பரத்துக்கு உகந்த ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு, இதற்கொரு கதை செய்க என்று கூறுவது அங்கே வழக்கமாயிற்று. முதற்பெயர் 'கேட் பீப்பிள்', அதாவது பூனை மனிதர்கள்.

இந்தப் பெயரைக் கையில் வாங்கியவர் இத்தகைய வேலைக்குப் பொருத்தமானவராக எவருக்கும் அப்போது தோன்றியிருக்க மாட்டார். 1904-ஆம் ஆண்டு கருங்கடற் கரையிலுள்ள யால்டா நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே தாயோடும் தமக்கையோடும் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர் லூட்டன். மௌனப் பட காலத்தில் பேரும் பெருமையுமாக வாழ்ந்த நடிகை அல்லா நஸிமோவா அவருடைய தாயின் சகோதரி. பத்திரிகை எழுத்து, மலிவு விலை நாவல்கள், விளம்பரக் குறிப்புகள் என்று எழுதக் கிடைத்ததையெல்லாம் எழுதிப் பிழைத்த லூட்டன், பிறகு டேவிட் செல்ஸ்னிக் என்னும் பெருந் தயாரிப்பாளரிடம் கதை இலாகாவின் தலைவராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு நாவலைக் கையில் எடுத்தால் அது திரைக்கு எவ்வாறு வரும், எங்கே தொய்யும், எந்தக் காட்சியில் ஜீவன் இருக்கிறது என்று கண்டறியும் பயிற்சி அங்கே அவருக்கு வாய்த்தது. சரித்திர நூல்களிலும் ஓவியங்களிலும் அளவற்ற பற்றுடையவர். பூனைகளைக் கண்டால் அவருக்கே உள்ளூர ஒரு பயம் உண்டு என்று நண்பர்கள் கூறுவார்கள்.

தம்மைச் சுற்றி அவர் சேர்த்துக்கொண்டவர்களும் குறிப்பிடத் தக்கவர்கள். டைரக்டர் ஜாக் தூர்னர் பாரிஸில் பிறந்தவர். மௌனப் படங்களில் ஒளியையும் நிழலையும் கவிதை போலக் கையாண்ட மோரிஸ் தூர்னரின் புதல்வர். 1935-இல் வெளியான 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' படத்தில் பாஸ்டில் சிறை தகர்க்கப்படும் காட்சிகளை அமைத்தபோது லூட்டனோடு பழகியவர். ஒளிப்பதிவாளர் நிக்கலஸ் முசுராகா இத்தாலியில் பிறந்தவர். ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு அறையின் முக்காற் பகுதியை இருளில் ஆழ்த்தும் சாமர்த்தியம் அவருடையது. கதை வசனத்துக்கு டிவிட் போடீன், இசைக்கு ராய் வெப், படத்தொகுப்புக்கு மார்க் ராப்ஸன். வெல்ஸின் படங்களில் வேலை செய்த ராப்ஸனையும், 'சிட்டிஸன் கேன்' படத்தைத் தொகுத்த ராபர்ட் வைஸையும் பின்னால் டைரக்டர்களாக உயர்த்தியவர் லூட்டனே.

'கேட் பீப்பிள்' கதையைச் சில வாக்கியங்களில் சொல்லிவிடலாம். ஸெர்பியாவிலிருந்து நியூயார்க்கில் வந்து குடியேறிய ஐரீனா என்னும் சித்திரக்காரி, காமமோ பொறாமையோ மூண்டால் தான் சிறுத்தையாக மாறிக் கொன்றுவிடுவோம் என்று தன் கிராமத்துப் பழங்கதையை நம்பி, தான் மணந்த கணவனை முத்தமிடவும் அஞ்சி வாழ்கிறாள். அவளுடைய மனம் பேதலித்திருக்கிறது என்கிறார் மனோதத்துவ வைத்தியர். கணவனோ தன்னோடு வேலை செய்யும் ஆலிஸ் என்னும் பெண்ணிடம் மெல்ல மெல்ல ஆறுதல் தேடத் தொடங்குகிறான். இதை யூனிவர்ஸல் எடுத்திருந்தால் சிமோன் சிமோன் என்னும் அந்த அழகிய பிரெஞ்சு நடிகையின் முகத்தில் பூனை மயிரை ஒட்டியிருப்பார்கள். லூட்டன் ஒரு மயிரையும் ஒட்டவில்லை. ஐரீனா பறவைக் கடைக்குள் நுழையும்போது கூண்டிலுள்ள பிராணிகள் யாவும் வெறி கொண்டு கதறுகின்றன. கணவன் வாங்கித் தந்த சிறு பறவையை அவள் விளையாட்டாகப் பிடிக்கப் போக, அது அச்சத்தாலேயே மாண்டு விழுகிறது. அதன் உடலை எடுத்துச் சென்று மிருகக்காட்சிசாலைச் சிறுத்தையின் கூண்டில் அவள் எறிந்துவிடுகிறாள். இவ்வளவும் சாதாரண நிகழ்ச்சிகள். ஆயினும் இவற்றைப் பார்த்து வந்தவன் நெஞ்சில், அவள் யார் என்னும் கேள்வி தானாக முளைத்துவிடுகிறது.

அச்சப் படச் சரித்திரத்தில் நிலைத்த இடம் பெற்றுவிட்ட இரு காட்சிகள் இந்தப் படத்தில் உண்டு. இரவில் மத்தியப் பூங்காவை ஒட்டிய நடைபாதையில் ஆலிஸ் தனியே போகிறாள். சற்றுப் பின்னால் ஐரீனா தொடர்கிறாள். ஒரு தெருவிளக்கின் வெளிச்ச வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு, இடையே உள்ள இருளைக் கடந்து, இருவருடைய குதிகாற் செருப்புகளின் ஓசை மாறி மாறிக் கேட்கிறது. திடீரென்று பின்னால் வந்த ஓசை நின்றுவிடுகிறது. பின்னணி இசை ஏதும் இல்லை. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள். அங்கே ஒருவரும் இல்லை. அவள் நடையை விரைவாக்கி ஓடத் தொடங்குகிறாள். மதிற்சுவர் மேலிருந்து ஒரு கிளை அசைகிறது. அந்தக் கணத்தில் சீறிக்கொண்டு ஏதோ ஒன்று திரைக்குள் பாய்கிறது. பாய்ந்தது ஒரு பஸ். கதவைத் திறந்துகொண்டு காத்திருக்கும் அந்தப் பஸ்ஸின் சீறலை ராப்ஸன் ஒரு மிருகத்தின் சீறலாகவே ஒலிக்கும்படி தொகுத்திருந்தார். சபையோர் துள்ளி விழுந்த பின்புதான் அது பஸ் என்று தெரிகிறது. இந்த உத்தியை இன்றுவரையில் திரைத் தொழிலில் உள்ளவர்கள் 'லூட்டன் பஸ்' என்றே அழைக்கிறார்கள். ஆனால் பிற்காலத்தில் இதைப் பின்பற்றிய பலர் கவனியாத ஒன்று இங்கே உண்டு. அதிர்ச்சி கொடுத்துவிட்டுக் காட்சி முடிந்துவிடவில்லை. அடுத்து, மிருகக்காட்சிசாலையில் ஆடுகள் கிழிபட்டுக் கிடக்கின்றன. ஈர மண்ணில் ஒரு விலங்கின் பாதச் சுவடுகள் செல்கின்றன. செல்லச் செல்ல அவை ஒரு பெண்ணின் செருப்புச் சுவடுகளாக மாறிவிடுகின்றன. மாறிய உருவத்தை நாம் காணவில்லை. மாற்றத்தின் தடயத்தை மட்டுமே காண்கிறோம்.

மற்றொரு காட்சி, ஒரு கட்டிடத்தின் நிலவறையிலுள்ள நீச்சல் குளத்தில் நடக்கிறது. தனியே நீந்த வந்த ஆலிஸ், மாடிப்படியில் ஒரு நிழல் அசைவதையும் தாழ்ந்த உறுமல் ஒன்றையும் உணர்ந்து நீரில் குதிக்கிறாள். நீரில் பட்ட ஒளி சுவரிலும் தாழ்ந்த விதானத்திலும் அலை அலையாக நெளிகிறது. அந்த நெளிவுகளுக்கு இடையே ஒரு கருமை நகர்கிறது. உறுமலும் அவளுடைய கூக்குரலும் ஓட்டுச் சுவர்களில் எதிரொலித்து ஒன்றாகின்றன. விளக்கு எரிந்ததும் அங்கே நிற்பவள் ஐரீனா, புன்சிரிப்போடு. ஆலிஸின் மேலங்கி மட்டும் தாறுமாறாகக் கிழிந்து கிடக்கிறது. அந்த நிழலில் சில இடங்களில் தம் கைமுஷ்டியையே உபயோகித்ததாகத் தூர்னர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஒரு மனிதனுடைய மூடிய கையால் ஒரு சபை முழுவதும் நடுங்கிற்று என்றால், நடுக்கம் எங்கிருந்து பிறந்தது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். வடமொழி அலங்கார சாஸ்திரிகள் த்வனி என்று கொண்டாடியதும், சொல்லப்பட்டதைக் கடந்து கேட்பவன் உள்ளத்தில் எழுகின்ற இந்தப் பொருளையே அன்றோ!

இத்தகைய படத்தை ஸ்டூடியோ அதிகாரிகள் உடனே புரிந்துகொண்டுவிடவில்லை. முதல் சில நாட்களின் படப்பிடிப்பைப் பார்த்த மேலதிகாரி ஒருவர் தூர்னரை விலக்கிவிடவே முனைந்தார். லூட்டன் கோர்னரிடம் முறையிட்டு அதைத் தடுத்தார். சிறுத்தை எங்கே என்ற கேள்வி மேலிடத்தில் ஓயாமையால், கணவனும் ஆலிஸும் வேலை செய்யும் கப்பல் வரைபட அலுவலகக் காட்சியில் ஓர் உண்மையான கருஞ்சிறுத்தையைக் காட்ட வேண்டியதாயிற்று. கூடிய மட்டும் அதை மேஜைகளின் அடியிலும் நிழலிலும் ஒதுக்கி வைத்தார்கள். ஆயினும் அந்த இடத்தில் படத்தின் பலம் ஒரு படி இறங்கிவிடுகிறது என்றே நான் கருதுகிறேன். அதுவரையில் பார்ப்பவன் மனத்தில் வளர்ந்திருந்த மிருகம், திரையில் வந்து நின்ற மிருகத்தைக் காட்டிலும் பெரிதாக இருந்தது. 1942 டிசம்பரில் வெளியான அந்தப் படம் தன் செலவைப் போலப் பன்மடங்கு ஈட்டிற்று. லூட்டன் குழுவுக்கு நான்காண்டு ஆயுள் கிடைத்தது அதனால்தான்.

அடுத்து வந்த பெயர் முன்னதைவிட மட்டமானது: 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி', அதாவது நடைபிணத்தோடு நான் நடந்தேன். ஒரு வாரப் பத்திரிகைக் கட்டுரையின் தலைப்பு அது. இதைப் பெற்றுக்கொண்ட லூட்டன் 'ஜேன் அயர்' நாவலின் அமைப்பை மேற்கிந்தியத் தீவு ஒன்றுக்கு மாற்றி, 1943-இல் 69 நிமிஷத்துக்குள் ஓடும் ஒரு சோக காவியத்தைச் செய்து காட்டினார். கரும்புத் தோட்ட முதலாளியின் மனைவி பேச்சும் நினைவும் அற்று நடமாடுகிறாள். அவளுக்கு வந்தது காய்ச்சலின் விளைவான மூளைக் கோளாறா, தீவு மக்களின் வூடூ வழிபாட்டால் நேர்ந்த சாபமா? வைத்தியர் ஒன்று சொல்கிறார். அவளுடைய மாமியார் வேறொன்று சொல்லித் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறாள். படம் கடைசி வரையில் இரண்டையும் மறுக்கவில்லை. கானடாவிலிருந்து வந்த செவிலி அந்த நோயாளியைக் கையைப் பிடித்து நள்ளிரவில் கரும்புக் காட்டின் ஊடே அழைத்துச் செல்லும் காட்சியில் ஏறக்குறைய வசனமே இல்லை. காற்று கரும்புத் தோகைகளை உரசுகிறது. எங்கோ சங்கு ஊதுகிறது. வழியில் ஒரு மண்டையோடு, மரத்தில் தொங்கும் ஒரு பிராணியின் உடல். நாற்சந்தியில் கண்கள் நிலைகுத்திய நெடிய காவற்காரன் ஒருவன். மெல்ல நடக்கும் இரு பெண்களோடு நாமும் நடக்கிறோம்.

அந்தத் தீவின் அச்சத்துக்கு அடியில் ஒரு சரித்திரம் இருப்பதையும் லூட்டன் மறக்கவில்லை. மாளிகை முற்றத்தில் அம்பு தைத்து நிற்கும் மரச்சிலை ஒன்று, அடிமைகளை ஏற்றி வந்த கப்பலின் முகப்பில் இருந்தது. தம் முன்னோர் சங்கிலியில் பிணிக்கப்பட்டு வந்த செய்தியை வண்டிக்காரர் செவிலியிடம் கூறும்போது, அவள் அறியாமையால், எப்படியும் அழகான இடத்துக்கல்லவா வந்து சேர்ந்தீர்கள் என்கிறாள். அவர் மரியாதையாக, அம்மா சொன்னால் சரிதான் என்ற பாவனையில் பதில் சொல்லி வண்டியை ஓட்டுகிறார். குழந்தை பிறந்தால் அழுவதும் மரணத்தில் மகிழ்வதும் அங்குள்ளவர்களின் வழக்கமாயிருப்பதன் காரணமும் அந்த அடிமைக் காலத்துத் துயரமே. கறுப்பின மக்களை ஹாலிவுட் கேலிப் பொருளாக மட்டுமே நிறுத்தி வந்த அந்த நாளில் இது சாமானியமான காரியம் அன்று.

அதே 1943-இல் தூர்னர் இக்குழுவுக்காகக் கடைசியாக இயக்கிய 'தி லெப்பர்ட் மேன்' படத்தில் ஒரு மரணம் கதவுக்கு வெளியே நடக்கிறது. நியூமெக்ஸிகோவின் சிற்றூர் ஒன்றில், தப்பியோடிய சிறுத்தையைக் குறித்து ஊரே பேசிக்கொண்டிருக்கும் இரவில், சோளமாவு வாங்கிவர மகளை அனுப்புகிறாள் ஒரு தாய். பெண் அஞ்சுகிறாள், வாங்காமல் திரும்பாதே என்று தாய் கதவைத் தாழிட்டுவிடுகிறாள். ரயில் பாலத்தின் அடியிலுள்ள இருட்டில் நீர் சொட்டுகிறது. தலைக்கு மேல் ரயில் ஒன்று பேரிரைச்சலோடு கடந்து போகிறது. அமைதி திரும்பியபோது இரு கண்கள் மின்னுகின்றன. அவள் ஓடிவந்து கதவைத் தட்டி அலறும் ஓசையை நாம் வீட்டுக்குள்ளிருந்தபடியே கேட்கிறோம். தாய் முதலில் வேண்டுமென்றே தாமதிக்கிறாள், பிறகு அவள் பதறிப் பாய்ந்தபோது தாழ்ப்பாள் நகர மறுக்கிறது, அலறல் அடங்குகிறது, கதவின் அடியில் இரத்தம் கசிந்து உள்ளே வருகிறது. மிருகத்தைவிட அந்தத் தாயின் சில விநாடித் தாமதமே இக்காட்சியில் பயங்கரமானது. படத்தின் பிற்பகுதி ஒரு சாதாரணத் துப்பறியும் கதையாகத் தேய்ந்துவிட்டாலும், இந்தக் காட்சி ஒன்றுக்காகவே அது நிலைத்திருக்கும்.

இனி, மார்க் ராப்ஸனின் முதற்படமான 'தி செவன்த் விக்டிம்'. காணாமற்போன தமக்கையைத் தேடி நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதிக்கு வரும் பள்ளி மாணவியாகக் கிம் ஹன்டர் முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம் இது. தமக்கை வாடகைக்கு எடுத்திருந்த அறையைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு நாற்காலியும் அதற்கு மேலே ஒரு தூக்குக் கயிறும் மட்டுமே இருக்கின்றன. அவள் சேர்ந்திருந்த சாத்தான் வழிபாட்டுக் கூட்டத்தினர் கொம்பும் வாலும் உடையவர்களல்லர். நன்றாக உடுத்திக்கொண்டு நாகரிகமாகத் தேநீர் அருந்தும் மத்தியதர வர்க்கத்தினர். பலாத்காரம் தங்கள் கொள்கைக்கு விரோதம் என்பதால், ரகசியத்தை வெளியிட்ட பெண்ணின் முன் விஷக் கோப்பையை வைத்துவிட்டு, நீயே குடித்துவிடு என்று மாலைவரையில் பொறுமையாக இருந்து பார்க்கிறார்கள். படத்தின் முடிவு அக்காலத்து அமெரிக்கப் படங்களில் அபூர்வமானது. காசநோயால் சாகக் கிடக்கும் அடுத்த அறைப் பெண், கடைசியாக ஒரு முறை வாழ்ந்து பார்ப்போம் என்று அலங்கரித்துக்கொண்டு வெளியே புறப்படுகிறாள். கதவைக் கடக்கையில் உள்ளே ஒரு நாற்காலி விழும் சப்தம் கேட்கிறது. அவள் படியிறங்கிப் போய்விடுகிறாள். இறந்தவளை நாம் காணவில்லை. 71 நிமிஷப் படம் அந்தச் சப்தத்தோடு முடிந்துவிடுகிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்காக வகுத்தார். லூட்டனின் படங்களை வரிசையாகப் பார்க்கும் தமிழ் வாசகனுக்கு இந்த வகுப்பு நினைவுக்கு வராமற்போகாது. 'கேட் பீப்பிள்', 'லெப்பர்ட் மேன்' இரண்டிலும் விலங்கு. மேற்கிந்தியத் தீவில் அணங்கு. பின்னால் வரும் 'தி பாடி ஸ்னாட்சர்' படத்தில் பிணத்தையே களவாடும் கள்வர். 'தி கோஸ்ட் ஷிப்', 'பெட்லம்' ஆகிய இரண்டிலும் இறை, அதாவது தன்கீழ் உள்ளவர்களின் உயிரைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி. யூனிவர்ஸல் படங்கள் இவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லி நிறுத்தின. லூட்டனின் தனித்தன்மை, இவற்றுக்கு இடையிலுள்ள எல்லையை அழித்ததில் இருக்கிறது. எதிரே இருப்பது விலங்கா, விலங்கென்று தன்னை நம்பும் பெண்ணா என்று தெரியாதபோது, அஞ்சுவதா இரங்குவதா என்றும் நமக்குத் தெரியவில்லை. அவருடைய படங்களில் அச்சமும் இரக்கமும் பிரியாமல் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுவே.

'தி கோஸ்ட் ஷிப்' 1943-இன் முடிவில் வந்தது. பெயர்தான் ஆவிக் கப்பல். உள்ளே ஆவி ஏதும் கிடையாது. அதிகார வெறியால் மனம் திரிந்த கப்பல் தலைவன் ஒருவனும், அவனைச் சந்தேகியாத மாலுமிகளுமே அதில் இருக்கிறார்கள். தங்கள் எழுத்தைக் களவாடிவிட்டதாகச் சிலர் தொடுத்த வழக்கில் ஸ்டூடியோ தோற்றமையால், இந்தப் படம் நெடுங்காலம் பொதுமக்களின் பார்வைக்கே வராமல் முடங்கிக் கிடந்தது. 1944-இல் ஸ்டூடியோ 'தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்' என்று பெயர் சூட்டி முதற்படத்தின் தொடர்ச்சியைக் கேட்டபோது, லூட்டன் கொடுத்ததோ தனிமையில் வாடும் ஒரு சிறுமியின் கற்பனைத் தோழியைப் பற்றிய மென்மையான கதை. மாண்டுபோன ஐரீனாவே அந்தத் தோழியாக வருகிறாள். அவள் வந்தது மெய்யா, குழந்தை மனத்தின் தோற்றமா என்பது இங்கும் தீர்க்கப்படவில்லை. வேலை மெதுவாக நடக்கிறதென்று முதல் டைரக்டரை ஸ்டூடியோ விலக்க, எடிட்டர் ராபர்ட் வைஸ் அவ்விடத்தில் அமர்ந்து டைரக்டரானது இந்தப் படத்தில்தான்.

கடைசி மூன்று படங்களிலும் போரிஸ் கார்லாஃப் நடித்தார். யூனிவர்ஸலின் பூதமாகப் பத்தாண்டுக் காலம் ஒப்பனைக்கு அடியில் புதைந்து கிடந்த அந்த நடிகரை, ஒப்பனையின்றி மனிதனாக நிறுத்தினார் லூட்டன். தம்மை உயிர்ப்பிணங்களிடமிருந்து மீட்டவர் லூட்டன் என்று கார்லாஃபே நன்றியோடு சொன்னதுண்டு. ஸ்டீவன்ஸனின் சிறுகதையைத் தழுவி வைஸ் இயக்கிய 'தி பாடி ஸ்னாட்சர்' 1945-இல் வெளியாயிற்று. கார்லோஸ் கீத் என்னும் புனைபெயரில் லூட்டனும் திரைக்கதையில் பங்கு கொண்டார். எடின்பரோவில் மருத்துவக் கல்லூரிக்குப் பிணம் விற்கும் வண்டிக்காரனாகக் கார்லாஃப் வருகிறார். தெருவில் பாடிப் பிச்சையெடுக்கும் ஒரு பெண் வளைவுக்கு அப்பாலுள்ள இருட்டில் நடந்து மறைகிறாள். வண்டிக்காரனின் வண்டி அவள் பின்னால் அதே இருட்டில் நுழைகிறது. காமிரா அசையாமல் நிற்கிறது. பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நடுவரியில் அது அறுந்து போகிறது. ஒரு கொலையை இதைவிடச் சிக்கனமாக எவரும் படமாக்கியதில்லை என்று துணிந்து சொல்லலாம். அதே ஆண்டு வந்த 'ஐல் ஆஃப் தி டெட்' பாக்லின் என்னும் ஓவியரின் புகழ்பெற்ற சித்திரத்திலிருந்தும், 1946-இல் வந்த 'பெட்லம்' ஹோகார்த்தின் சித்திர வரிசை ஒன்றிலிருந்தும் பிறந்தவை. முன்னது சமச்சீராக அமையவில்லை. பின்னதில் லண்டன் மனநோய் விடுதியின் கொடுமை அச்சத்தைக் காட்டிலும் கோபத்தையே அதிகமாக எழுப்புகிறது.

இந்தக் கலைக்குக் காரணம் வறுமைதான் என்று சரித்திரகாரர் பலரும் எழுதி வருகின்றனர். பணம் இல்லை, ஆகவே செட்டு இல்லை. செட்டு இல்லாததை மறைக்க இருட்டு வேண்டியிருந்தது. இருட்டிலிருந்து கலை பிறந்தது என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. யுத்தகால உத்தரவின்படி 1942 முதல் ஒரு படத்தின் புதிய செட்டுப் பொருள்களுக்கு 5,000 டாலருக்கு மேல் செலவிடுவது தடையாயிருந்தது. 'கேட் பீப்பிள்' படத்தில் ஐரீனாவின் வீட்டு மாடிப்படி, வெல்ஸின் 'ஆம்பர்ஸன்ஸ்' படத்துக்காகக் கட்டிய மாடிப்படியே. எனினும், வறுமை ஆர்.கே.ஓ.வின் தனிச்சொத்து அன்று. இவர்களைவிட ஏழைகளான பி.ஆர்.சி. என்னும் கம்பெனியார் 1940-இல் 'தி டெவில் பேட்' என்று ஒரு படம் எடுத்தார்கள். க்ஷவரத்துக்குப் பின் பூசும் வாசனைத் தைலத்தை முகர்ந்து வந்து கழுத்தைக் கடிக்கும் ராட்சத வௌவாலை, அதன் பொம்மைத்தனம் சிறிதும் மறையாத வண்ணம், தாராளமாகத் திரையில் பறக்கவிட்டார்கள். வறுமை அங்கே கலையைப் பெறவில்லை, வௌவாலைத்தான் பெற்றது.

ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். லூட்டன் ஒவ்வொரு திரைக்கதையின் இறுதி வடிவத்தையும், பெரும்பாலும் பெயர் போட்டுக்கொள்ளாமல், தாமே திருத்தி எழுதினார். காட்சியில் வரும் விளக்கு எங்கே நிற்கிறது, சுவரில் எந்தப் படம் தொங்குகிறது, எந்த ஓசை எங்கே நிற்க வேண்டும் என்பது வரையில் எழுத்திலேயே நிச்சயமாகியிருந்தது. தம் படத்தின் சூத்திரமாக அவர் பத்திரிகைக்காரரிடம் கூறியது எளிமையானது: ஒரு காதல் கதை, குறிப்பால் உணர்த்தும் அச்சக் காட்சிகள் மூன்று, நேரடியான பலாத்காரம் ஒன்று. இதில் முதலில் நிற்பது காதல் கதை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய பாத்திரங்கள் யாவரும் ஏதேனும் ஒரு தொழில் செய்து பிழைப்பவர்கள்: கப்பல் வரைபடம் எழுதுகிறவர்கள், செவிலி, நடனக்காரி, அழகு சாதனத் தொழிற்சாலை நடத்துகிறவர். அவர்களை அவர்களுடைய வேலையில் வைத்து நமக்கு நன்றாக அறிமுகம் செய்துவிட்ட பின்புதான் விளக்கை அணைத்தார். முன்பின் தெரியாதவர்களைச் சூழும் இருள் வெறும் இருளாகவே இருந்துவிடுகிறது. நாம் அறிந்து நேசித்த ஒரு பெண்ணைச் சூழ்ந்ததனால்தான் லூட்டனின் இருள் நம்மை நடுங்க வைத்தது.

கோர்னர் 1946-இல் காலமானார். ஆதரவை இழந்த குழுவும் கலைந்தது. பாரமவுன்ட், எம்.ஜி.எம்., யூனிவர்ஸல் என்று மாறி மாறி வேலை செய்த லூட்டன், பழைய வெற்றியை மறுபடி காணாமல், இருதய நோயால் 1951 மார்ச்சு 14-ஆம் தேதி தமது 46-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய சிஷ்யர்கள் நெடுங்காலம் அந்த வழியைப் போற்றினார்கள். தூர்னர் 1957-இல் ஆங்கில நாட்டில் எடுத்த 'நைட் ஆஃப் தி டீமன்' படத்தில், அவருடைய விருப்பத்துக்கு விரோதமாகத் தயாரிப்பாளர் ஒரு பூதத்தைத் திரையிற் புகுத்தி, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த சிறுத்தை விவகாரத்தை மறுபடி நடத்திவைத்தார். வைஸ் 1963-இல் 'தி ஹான்டிங்' படத்தில் ஓர் ஆவியையும் காட்டாமல், வெறும் கதவொன்று உட்புறமாகப் புடைப்பதைக் காட்டியே தம் குருவுக்குக் காணிக்கை செலுத்தினார்.

ஹாலிவுட்டின் பூதங்களில் பலவற்றை இன்று சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். லூட்டனின் நடைபாதையை அப்படிப் பார்க்க முடிவதில்லை. ஒப்பனை பழையதாகிவிடும், பார்ப்பவன் தானே கற்பித்துக்கொண்டது அவனோடு வளர்ந்துகொண்டே வரும். அடுத்த அத்தியாயத்தில் ஆங்கில நாட்டுக்குச் சென்று, ஹென்றி ஜேம்ஸின் கதையை 1961-இல் ஜாக் கிளேட்டன் 'தி இன்னசென்ட்ஸ்' என்று படமாக்கியபோது பட்டப்பகலிலேயே அச்சத்தை எவ்வாறு எழுப்பினார் என்பதைக் காண்போம். அதற்குள் வாசகர்கள் 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி', 'தி செவன்த் விக்டிம்' ஆகிய இரண்டையும் பார்த்துவைத்துக்கொண்டால் நலம். இரண்டும் சேர்ந்து இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

(தொடரும்)